சாப்பிடும்போது பத்து நிமிடம்

பெஸ்தாரி ஜெயாவை எங்கள் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். பெயர் மாறியது 2007இல். அங்கே ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுக்கிறேன்.

தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்புக்குப் போன ஒரு பையன், பஸ் ஏறுமுன் திருநீற்றைத் துடைத்துவிடுகிறான் என்று அவன் அம்மா வருத்தப்பட்டார். எல்லார் முன்னாலும் அவனைக் கண்டித்தேன். அது என் தப்பு. இரண்டு வாரம் ஆளே வரல.

வீட்டுக்குப் போனேன். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். பிள்ளையோடு பேச்சு என்றால், "வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா?" அவ்வளவுதான். (என் வீட்டிலும் அப்படித்தான்!) "ராத்திரி சாப்பிடும்போது பத்து நிமிஷம் போனை வச்சிடுங்க. கேள்வி கேட்காம உங்க கதையைச் சொல்லுங்க" என்றேன்.

பாட்டிதான் தொடங்கினாராம். இருட்டிலேயே பெரட்டுக்குப் போனது, கைக்குழந்தையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் மரம் வெட்டியது, லயமே காசு சேர்த்துக் கோயில் திருவிழா செய்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி நானும் பிறகு சொன்னேன். அதை அவன் அவ்வளவாகக் கேட்கவில்லை.

"அக்கா, அந்த ஆயா கொட்டாய்த் தூளியில கிடந்தது எங்க அப்பாவாம்!" என்று சிரித்தான்.

திருநீற்றைச் சில நாள் இன்னும் துடைக்கிறான். நான் கேட்பதில்லை. வகுப்புக்கு வருகிறான், தங்கச்சியையும் கூட்டி வருகிறான்.