பிறந்தநாள் வாரமும் பில்லும்

கேள்வி: நாற்பதாவது பிறந்தநாள் வருகிறது. 'ஒருநாள் போதாது, வாரம் முழுக்க மதியச் சாப்பாடு' என்கிறார்கள் தோழிகள். பர்ஸ் தாங்குமா? – ஒரு வாசகி, ஈசூன்

தாங்கும், தினமும் நீங்களே பில் கட்டாவிட்டால்! ஒருநாள் மட்டும் உங்கள் விருந்து. மற்ற நாள்களில் அவரவர் பங்கை அங்கேயே பேநவ்வில் தட்டிவிடட்டும். இதை முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

உங்கள் விருந்துக்கு ரேஸ் கோர்ஸ் சாலை. 1969-இல் தொடங்கிய முத்தூஸ் கறியில் மீன்தலைக் கறி சொல்லுங்கள். ஒரு சட்டியை நாலு பேர் பகிரலாம். கன்னத்துச் சதை பிறந்தநாள்காரிக்கு. அதில் சமரசம் வேண்டாம். சைவத் தோழி இருந்தால் இன்னொரு நாள் சிராங்கூன் சாலை கோமள விலாஸ். 1947 முதல் இருக்கும் கடை. ஒருநாள் தேக்கா சந்தையில் பிரியாணியும் தே தாரேயும். அங்கே சேவைக் கட்டணம் கிடையாது, தட்டை மட்டும் நீங்களே திருப்பி வைக்க வேண்டும்.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமிருக்காது. வாரநாளில் பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். வாழ்த்துகள்!