பெரிய டயருக்காக வண்டியைத் தூக்கலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் டொயோட்டா ஹைலக்ஸ் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்த 265/65 ஆர்17 டயர்கள் தேய்ந்துவிட்டன. எஸ்டேட்டுக்குள் போகும் எங்கள் பாதை மழைக்காலம் வந்தால் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் கல்திட்டு என்று ஆகிவிடும். அடி தட்டாமல் வீடு போய்ச் சேர்ந்ததே இல்லை. கோவையில் ஒரு பட்டறையில் "ரெண்டு இன்ச் தூக்கி 285/70 போட்டுட்டா கவலையே இல்ல சார்" என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், வால்பாறை

பதில்: பட்டறைக்குப் போகும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டார்ச் அடித்து அடியில் பாருங்கள். கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

ஏறி இறங்கும் ஃபுட்போர்டில் கீறல் என்றால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள், பைசா செலவில்லை. முன்பக்க அடித்தகட்டில் என்றால் முன்புறத்தைக் கொஞ்சம் தூக்குவதில் பலன் உண்டு. ஆனால் நடுத்திட்டு என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பின் ஆக்சிலின் நடுவே உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியலில்தான் கீறல் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் அந்த இரண்டு இன்ச் உங்களுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட உதவாது.

ஹைலக்ஸின் பின் ஆக்சில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரே தண்டு. லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே கட்டை வைத்தாலும் சரி, கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தாலும் சரி, மேலே போவது சேஸிஸும் பாடியும்தான். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து எழுப்ப டயரால் மட்டுமே முடியும், அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவுக்கு. உங்கள் இப்போதைய டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. 265/70 போட்டால் 803. டிஃபரன்ஷியல் 13 மி.மீ. எழும்பும். பட்டறைக்காரர் சொல்லும் 285/70 என்றால் 831, 27 மி.மீ. எழும்பும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு விரல்கூட இல்லை. அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் விலைதான் அதிகம்.

தூக்கிவிட்டால் பெரிய டயர் உரசாது என்பதும் பாதி உண்மையே. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இடைவெளி தாராளமாகத் தெரியும். ஆனால் சக்கரம் ஒரு கல்லில் ஏறி, சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை நசுங்கும்போது டயர் போய் நிற்கும் இடம், தூக்கிய வண்டியிலும் தூக்காத வண்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டே ஏறினால் முன்சக்கரக் குழியின் பின்பக்க லைனரையும் மட்ஃபிளாப்பையும் 285 தேடிப் போய் உரசும். சோதிப்பது சுலபம்: லைனரின் உள்ளே சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ஒரு முன்சக்கரத்தை உறுதியான மேட்டில் ஏற்றி, இரண்டு பக்கமும் ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். டயரில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த டயர் உங்களுக்கு இல்லை.

முன்புறத்தைத் தூக்கப் பெரும்பாலான பட்டறைகள் ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் வைக்கும். கண்ட்ரோல் ஆர்ம் நெம்புகோலாக வேலை செய்வதால் 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 50 மி.மீ. உயரத்தைக் கொடுக்கும். உயரம் வந்ததும் முன் ஆக்சில் ஜாயின்ட்டுகள் கோணலாகச் சுழலத் தொடங்கும். ரப்பர் பூட் மடிந்து மடிந்து கிழியும், கிரீஸ் வெளியேறும், அதன்பின் 'டக் டக்' சத்தம்தான். காஸ்டர் கோணமும் குறைந்து, வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவது மந்தமாகும். ஆழியாறிலிருந்து மேலே ஏற 40 கொண்டை ஊசி வளைவுகளை எடுக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. போதாததற்கு, எடையும் மேலே போயிருக்கும். பின்னால் உர மூட்டை ஏற்றினால் வண்டி சாய்வதை உடம்பே சொல்லும். இதையும் மீறித் தூக்குவதென்றால் மேல் ஆர்மை மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் சக்கரம் தொங்கும்போது இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, ஹெட்லைட்டையும் தாழ்த்த வேண்டும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

சட்டத்தைப் பட்டறையில் யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் அசல் வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்திருக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. கண்டிப்பாகப் பார்த்தால் கதவுத் தூண் ஸ்டிக்கரில் இல்லாத டயர் அளவுகூட இதில் சிக்கும். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, இப்போதே உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதே 265/65 அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போடுவேன். லோடு இண்டெக்ஸ் 112-க்குக் குறையாமல் பார்ப்பேன். அதாவது டயருக்கு 1,120 கிலோ. ஃபுட்போர்டைக் கழற்றிவிடுவேன். பாரம் ஏற்றி ஏற்றிப் பின் லீஃப் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதைச் சரிசெய்வேன். மிச்சப் பணத்தில் இரண்டு ஆளை வைத்து அந்த நடுத்திட்டைக் கொத்திவிடுவேன். அதற்குப் பிறகும் தட்டினால், அனுமதி கிடைக்கும் பட்சத்தில், தூக்காமலே 265/70. 285 வேண்டாம்.

கேள்வி: 265/70 போட்டால் மைலேஜ், ஸ்பீடாமீட்டர் எல்லாம் என்ன ஆகும்? ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடலாமா?
– வாசகர், தேனி

பதில்: டயர் 3.4 சதவீதம் பெரிதாவதால் மீட்டர் 100 காட்டும்போது டயர் கணக்கில் வேகம் 103-ஐத் தாண்டும். கம்பெனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டுபவை என்பதால் இரண்டும் ஏறக்குறையச் சரியாகிவிடும். மைலேஜ் குறையும், ஓடோமீட்டரும் தூரத்தைக் குறைத்துக் காட்டுவதால், உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்ததுபோலத் தெரியும். ஸ்டெப்னி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபோர் வீல் போட்டிருக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் முறுக்கப்படும். ஐந்தாவது டயரும் அதே அளவில் இருக்கட்டும். பழைய டயரை மாட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் டூ வீலுக்கு மாற்றி, மெதுவாகப் பஞ்சர் கடை வரை மட்டும் ஓட்டுங்கள்.