ஏழு மணிக்கு வாணம், எட்டு மணிக்குப் படம்

நாளிதழில் புதிதாகச் சேரும் புகைப்படக்காரர் தலையில் முதல் தீபாவளியிலேயே விழும் வேலை, வாணவேடிக்கைப் படம். மூத்தவர்கள் வீட்டில் இருப்பார்கள். நீங்கள் தெருவில் நிற்பீர்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு, தமிழ்நாட்டில் மாலையில் அனுமதி 7 மணி முதல் 8 வரைதான். அதற்குப் பிறகும் வெடிக்கிறார்கள் என்பது வேறு கதை. பக்கம் முடிக்கிறவர் அதுவரை காத்திருக்க மாட்டார். ஆகவே பாதி வேலை ஏழு மணிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் இடம். வெறும் கறுப்பு வானத்தில் விரியும் வாணத்தை எந்த ஊரிலும் எடுக்கலாம். மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்றால் கபாலீஸ்வரர் கோயில் கோபுரமும் படத்துக்குள் வரும், பார்த்ததும் ஊர் தெரியும். மொட்டைமாடி வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பண்டிகையன்று போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

அடுத்தது காற்று. அது உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். குளக்கரையில் கடல்காற்று நேரே முகத்தில் அடித்தால், கோபுர ஆசையை விட்டுவிட்டு இடத்தை மாற்றுங்கள். புகை முழுக்க உங்களிடம்தான் வரும். எப்படி நின்றாலும் புகை சேரச் சேர வானம் கலங்கும். முதல் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்.

கேமராவை ட்ரைபாடில் பொருத்தி, ஐஎஸ்ஓ 100 வையுங்கள். தூரத்துத் தெருவிளக்கில் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நான்கு வினாடி படம் எடுத்தபின் கேமரா இன்னும் நான்கு வினாடி உங்களைக் காக்க வைக்கும்.

இனிதான் முக்கியமான சங்கதி. வாணத்தின் பொறி ஓடிக்கொண்டே இருக்கிறது. சென்சாரில் ஒரே இடத்தில் தங்குவதில்லை. அதனால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தாலும் ஒளிக்கோட்டின் பிரகாசம் கூடாது. கோடுகளின் எண்ணிக்கைதான் கூடும். கூடவே அசையாமல் நிற்கும் கோபுரமும் வானமும் வெளுக்கும். கோட்டின் பிரகாசம் அப்பர்ச்சரின் கையில். எஃப் 11-இல் தொடங்குங்கள். கோடு நிறமிழந்து வெள்ளையாகிவிட்டால் எஃப் 16, மங்கினால் எஃப் 8. கோபுரம் இருட்டாக இருந்தால் அப்பர்ச்சரைத் தொடாமல் நேரத்தைக் கூட்டுங்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு வினாடி போதும். மக்னீசியமும் அலுமினியமும் எரியும் வெள்ளி வாணம்தான் கண்ணைக் கூசவைக்கும்; செம்பு தரும் நீலம் மங்கல். இரண்டையும் ஒரே அளவில் பிடிக்க முடியாது, சமரசம் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

வெடிச்சத்தம் கேட்டு அழுத்தினால் தாமதம். அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் சத்தம் வந்து சேரவே ஒன்றரை வினாடி ஆகும். பல்ப் முறையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, வாணம் மேலேறும் கோடு தெரிந்ததும் திறங்கள். விரிந்து அடங்கியதும் மூடுங்கள்.

எட்டு மணிக்கு ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, படக்குறிப்பில் இடமும் நேரமும் எழுதி அனுப்புங்கள். வெவ்வேறு படங்களின் வாணங்களைக் கணினியில் ஒரே வானத்தில் ஒட்டுவது கல்யாண ஆல்பத்துக்குச் சரி. செய்திப் படத்தில் அது மோசடி.