நாலு மீட்டர் தள்ளி நின்னு கேளு



கல்ச்சுரல்ஸ் நெருங்கிடுச்சு. ஹாஸ்டல் மொட்டை மாடி, ஆடிட்டோரியத்துக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டோர் ரூம், சாயங்காலம் காலியாகிற கிளாஸ் ரூம் என எங்கே பார்த்தாலும் பேண்ட் பிராக்டிஸ்தான். ஒவ்வொரு பேண்டிலும் ஒரு விஷயம் நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஒருத்தருக்கு மட்டும் தெரியாது. "கிட்டார் டோன் நல்லா இல்ல" என்பதுதான் அது. தெரியாத அந்த ஒருத்தர், கிட்டாரிஸ்ட்.

ஏன் யாரும் சொல்றதில்லை? அந்த ஆம்ப் சும்மா வந்ததில்லை. காலண்டர் சீசன்ல பிரஸ்ல நைட் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசா இருக்கும். அக்கா முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்ததா இருக்கும். "மாப்ள, உன் சவுண்டு கேவலமா இருக்குடா"ன்னு சொன்னா, அந்தக் காசையும் சேர்த்துத் திட்டின மாதிரி ஆயிடும். சில பேர் அன்னைக்கே கிட்டாரை உறையில் போட்டு மூடிடுவாங்க. சரி, சொல்லாம விட்டா? மேடையில ஆயிரம் பேர் காதைப் பொத்தும்போதுதான் அவனுக்குத் தெரியவரும். இதுல எது பெரிய துரோகம்னு யோசிச்சுப் பாருங்க.

ஆகவே இந்த இதழில் ரெண்டு பாடம். ஒண்ணு, டோன் ஏன் கெடுது என்கிற இன்ஜினியரிங். இன்னொண்ணு, அதை எப்படிச் சொல்றது என்கிற பக்குவம். முதலாவது புரிஞ்சாத்தான் ரெண்டாவது வரும்.

பட்டாசு விதியில் ஒரு பாடம்

நம்ம ஊருக்குச் சத்தத்தை அளக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1999-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஒரு வெடியின் சத்தம் 125 டெசிபல் (ஏ.ஐ.) அல்லது 145 டெசிபல் (சி பீக்) அளவைத் தாண்டக் கூடாது. விதி அந்த எண்ணோடு நிற்கவில்லை. வெடிக்கிற இடத்தில் இருந்து 4 மீட்டர் தள்ளி அளக்கணும், குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான கான்கிரீட் தரையில் வெடிக்கணும், சுற்றி 15 மீட்டருக்குள் சத்தம் பட்டுத் திரும்பும் சுவர் எதுவும் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

ஏன் இவ்வளவு நிபந்தனை? எங்கே நின்று அளந்தோம் என்று சொல்லாத டெசிபலுக்கு அர்த்தமே இல்லை. திறந்தவெளியில் தூரம் ரெண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். பக்கத்தில் ஒரு சுவர் இருந்தால் கணக்கே மாறிப்போகும்.

டோனும் அப்படித்தான். "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்று சொல்கிற ரெண்டு பேரும் உண்மையையே சொல்லலாம். இவன் ஆம்புக்கு ஒரு அடி முன்னால் நிற்கிறான், நீங்க எதிர்ச் சுவர் ஓரமா நிற்கிறீங்க. ரெண்டு பேரும் கேட்பது ஒரே சத்தம் இல்லை.

அந்த விதியில் இன்னொரு வரியும் உண்டு. பல வெடிகளைச் சேர்த்துக் கட்டினால், ஒவ்வொரு தனி வெடிக்குமான வரம்பில் இருந்து 5 லாக் என் டெசிபலைக் கழிக்கணும் (10 அடிமான லாக், என் என்பது வெடிகளின் எண்ணிக்கை). நூறு வெடிச் சரம் என்றால் 10 டெசிபல் குறையும். சரவெடிக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது, ஆனாலும் கணக்கில் உள்ள கருத்து பேண்டுக்குப் பொருந்தும். கூட்டமா ஒலிக்கும்போது ஒவ்வொருத்தரும் கொஞ்சம் குறைஞ்சுக்கணும். தனியா வாசிக்கும்போது பிரமாதமா இருக்கிற டோன், பேண்டுக்குள் வந்ததும் சொதப்புறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அவன் காதுக்கு ஏன் கேட்கலை?

முதல் காரணம், ரூம். 1933-ல் ஃபிளெட்சர், மன்சன் என்ற ரெண்டு பெல் ஆய்வகக்காரர்கள் காட்டிய விஷயம் இது: சத்தம் குறைவா இருக்கும்போது, நம்ம காது பாஸையும் உச்ச டிரெபிளையும் நடுப்பகுதி அளவுக்கு எடுத்துக்கிறதில்லை. அதனால் ஹாஸ்டல் ரூமில், வார்டனுக்குப் பயந்து மெதுவா வாசிக்கிறவன் பாஸையும் டிரெபிளையும் ஏத்தி, மிட்டை இறக்கி வைப்பான். அங்கே அது அருமையா இருக்கும். அதே செட்டிங்கை மேடையில் வால்யூம் ஏத்தி வாசிச்சா, பாஸ் பொங்கி வரும், டிரெபிள் குத்தும், நடுவில் கிட்டாரே இருக்காது.

ரெண்டாவது காரணம், ஸ்பீக்கர். கிட்டார் ஆம்பில் பெரும்பாலும் 12 இன்ச் ஸ்பீக்கர், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அலைநீளம் 30 சென்டிமீட்டருக்குச் சமமாவது ஏறக்குறைய 1100 ஹெர்ட்ஸில். அதற்கு மேலே போகப்போக, டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி ஒலி நேராகக் குவிஞ்சு போகும். ஆம்ப் தரையில் இருக்கு, இவன் காது அஞ்சடி உயரத்தில் இருக்கு. டிரெபிள் எல்லாம் முழங்கால் பக்கமாப் போயிடுது. "பளிச்சுனு இல்லையே"ன்னு இவன் டிரெபிளை ஏத்துவான். எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிரின்சிபாலுக்குக் காது கிழியும். வைத்தியம் எளிது: ஆம்பை ஒரு நாற்காலி மேலே தூக்கி வைக்கணும், இல்லைன்னா பின்பக்கமாச் சாய்ச்சு வைக்கணும்.

மூன்றாவது, ஆம்பே இல்லாத கதை. நம்ம பக்கத்து மேடைகளில் இதுதான் அதிகம். டிஸ்டார்ஷன் பெடலில் இருந்து ஒயர் நேரா சவுண்டு சர்வீஸ்காரர் மிக்ஸருக்குப் போகும். டிஸ்டார்ஷன் என்பது நீங்க எலக்ட்ரானிக்ஸ் லேபில் பார்த்த அதே கிளிப்பிங்தான். அலையின் தலையை வெட்டினால் மேலே மேலே ஹார்மோனிக்ஸ் முளைக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே சரிஞ்சுடும், அது ஒரு இயற்கையான வடிகட்டி. மேடை பாக்ஸ் அப்படி இல்லை, எல்லாத்தையும் அப்படியே துப்பும். பெடலில் கேபினட் சிமுலேஷன் இருந்தா அதை ஆன் பண்ணச் சொல்லுங்க. இல்லைன்னா மிக்ஸர் அண்ணன்கிட்ட, "அண்ணே, கிட்டார் சேனல்ல ஹை கொஞ்சம் இறக்கிடுங்க"ன்னு கேளுங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பிரஸ்காரங்க பேசுற மாதிரி பேசுங்க

சிவகாசியில் ஏதாவது ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிறவரைக் கவனிச்சிருக்கீங்களா? "பிரிண்ட் கேவலமா இருக்கு"ன்னு அவர் சொல்றதில்லை. "மெஜந்தா தூக்கலா இருக்கு", "ரிஜிஸ்டர் விலகியிருக்கு" என்பார். மெஷின்மேன் கோவிச்சுக்காம சரி பண்ணப் போயிடுவார். ஏன்னா அந்தச் சொல் மெஷின்மேனைப் பத்தினது இல்லை, எந்த இடத்தைத் திருப்பணும்னு காட்டுறது.

கிட்டாருக்கும் அப்படி ஒரு அகராதி வேணும். இதை எடுத்து வச்சுக்கங்க:

• "கொசு கத்துற மாதிரி இருக்கு": 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே கூடிப்போச்சு. கேபினட் சிமுலேஷனைப் பாருங்க.

• "காதைக் குத்துது": 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காது ரொம்பக் கூர்மையா இருக்கிற பகுதி இது. பாடுறவங்க சொல் தெளிவாக் கேட்கவும் இந்த இடம் வேணும். டிரெபிள், பிரசென்ஸ் ரெண்டையும் குறைக்கணும்.

• "பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு": 200 முதல் 400 ஹெர்ட்ஸ் தேங்கி நிற்குது. பாஸைக் குறைக்கணும். கிட்டாரின் அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ், பாஸ் கிட்டாருக்கு 41. கீழ்த்தளத்தை அவங்ககிட்ட விட்டுடலாம்.

• "கிட்டார் எங்கேன்னே தெரியலை": மிட் காணோம். வால்யூமைத் தொடாம மிட்டை மட்டும் ஏத்துங்க.

• "கொழகொழன்னு இருக்கு, கார்டு புரியலை": கெயின் அதிகம். பாதியாக்கிப் பாருங்க.

• "கொர்ர்னு இரையுது": 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலும் அதன் மடங்குகளும். ஒயர், எர்த் ரெண்டையும் பாருங்க. இரைச்சல் நிற்கணும்னு பிளக்கோட எர்த் பின்னை மட்டும் யாரும் கழட்டாதீங்க. கிட்டார் கம்பியும் மைக்கும் ஒரே நேரத்தில் உடம்பில் படும். அது உயிர் விஷயம்.

இதுக்கெல்லாம் முன்னாடி ரெண்டு சில்லறை சோதனை இருக்கு. சுருதி சேர்ந்திருக்கா? கம்பி துருப்பிடிச்சிருக்கா? நம்ம ஊர் வேர்வைக்குக் கம்பி சீக்கிரம் செத்துடும். ஒரு செட் கம்பி மாத்தினாப் போதும்கிற இடத்தில் ஆம்பைக் குறை சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம்.

எப்போ, எப்படிச் சொல்றது?

நேரம் முக்கியம். மேடை ஏற அஞ்சு நிமிஷம் இருக்கும்போது சொன்னா அவன் கை நடுங்கும், வேற ஒண்ணும் நடக்காது. குமிழைத் திருப்ப நேரம் இருக்கிற பிராக்டிஸ் நாளில் சொல்லுங்க. ஜூனியர்ஸ் முன்னாடி வேண்டாம். டீக்கடைக் கும்பலில் சிரிச்சுக்கிட்டே சொல்றதும் வேண்டாம். தனியா, ஆம்ப் பக்கத்தில் வச்சுச் சொல்லுங்க.

முதல் வாக்கியம் கேள்வியா இருக்கட்டும். "இந்தப் பாட்டுல கிட்டார் எப்படிக் கேட்கணும்னு நினைக்கிற?" அவன் வேணும்னே கரடுமுரடா வச்சிருக்கலாம். அது தெரியாம வாயைத் திறக்கக் கூடாது.

அடுத்து, எங்கே நின்று கேட்டீங்களோ அதைச் சேர்த்துச் சொல்லுங்க. வயசுல மூத்தவங்கன்னா இப்படி: "அக்கா, நான் பின்னாடி கதவுகிட்ட நின்னு கேட்டேன். நீங்க லீடு வாசிக்கும்போது நல்லா வருது. ரிதம் வாசிக்கும்போது பாட்டுச் சத்தத்துல மறைஞ்சுடுது. ஒரு தடவை மிட்டை ஏத்திப் பார்ப்போமாக்கா?" இதில் பொய்ப் பாராட்டு கிடையாது, தீர்ப்பும் கிடையாது. இடம் இருக்கு, கேட்டது இருக்கு, செய்ய ஒரு வேலை இருக்கு.

ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் திருப்புங்க. முந்தினதையும் இப்போ உள்ளதையும் மாத்தி மாத்திக் கேளுங்க. ரெண்டும் ஒரே சத்த அளவில் இருக்கணும், ஏன்னா கொஞ்சம் சத்தமா இருக்கிறது எப்பவும் நல்லா இருக்கிற மாதிரித் தோணும். போனில் ரெக்கார்டு பண்ணலாம், ஆனா பாஸை அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. போன் மைக் சத்தத்தைத் தானே அமுக்கிடும்.

"மோசம்" என்பது எப்பவும் மோசமா?

1961-ல் அமெரிக்காவில் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றின் பதிவில், கிரேடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிட்டார் ஸோலோ கரகரன்னு உடைஞ்சு கேட்டது. மிக்ஸர் சேனலில் ஏற்பட்ட கோளாறு அது. ஆனா பதிவு அப்படியே வெளியானது. சவுண்டு இன்ஜினியர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை வேணும்னே உண்டாக்கும் சர்க்யூட் ஒன்றைப் பிறகு வடிவமைத்தார். 1962-ல் அது மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் பெடலாக விற்பனைக்கு வந்தது. இன்னைக்கு உங்க நண்பன் காலில் மிதிக்கிற பெடலுக்கு அதுதான் மூதாதை.

நம்ம பக்கமும் ஒரு பெயர் உண்டு. 1981-ல் சென்னை டிசம்பர் சீசனில் எலக்ட்ரிக் மாண்டலினோடு மேடையேறிய சிறுவன் யு. ஸ்ரீநிவாஸ். இந்த வாத்தியம் கர்நாடக இசைக்கு ஒத்து வருமா என்ற சந்தேகம் அப்போது பலருக்கு இருந்தது. வழக்கமான மாண்டலினில் நாலு ஜோடிக் கம்பி இருக்கும். ஜோடியாக இழுத்துக் கமகம் வாசிக்கும்போது ரெண்டும் ஒரே சுருதியில் நிற்பது கஷ்டம். அவர் வாசித்தது ஒற்றைக் கம்பிகள் அஞ்சு பூட்டிய மாண்டலின். "இது ஒத்து வராது" என்ற வாக்கியத்தை வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாது. "கமகம் நிற்கலை" என்றால் கம்பியை மாத்தலாம்.

அதனால், நீங்க சொன்ன பிறகும் அவன் "எனக்கு இதுதான் வேணும்"னு சொன்னா, அவன் கை அவன் முடிவு. ஆனா அந்த முடிவை எடுக்கிறதுக்கு முன்னாடி, நீங்க கேட்டதை அவனும் ஒரு தடவை கேட்டிருக்கணும்.

அதுக்கு அடுத்த பிராக்டிஸுக்கு 6 மீட்டர் ஒயர் ஒண்ணு கொண்டுபோங்க. கிட்டாரை மாட்டிக்கிட்டே அவன் ஆம்பை விட்டு நடந்து வரட்டும். மத்தவங்க வாசிப்பை நிறுத்த வேண்டாம். நாலு மீட்டர் வந்ததும் ஆம்பைப் பார்த்துத் திரும்பி நின்னு, அதே பாட்டை வாசிக்கச் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க. பெரும்பாலும் அவனே போய்க் குமிழைத் திருப்புவான்.