பங்கு தெரியும், பத்திரம் எங்கே?

மரண வீட்டில் முதல் கிழமை யாரும் உறுதியைப் பற்றிப் பேசமாட்டார்கள். நாற்பதாம் நாள் கத்தமோ முப்பத்தோராம் நாள் பூசையோ முடிந்த பிறகுதான் அலுமாரிக்குள் கிடந்த கடதாசிக் கட்டு வெளியே வரும். அதோடு ஆளுக்கொரு சட்டமும் வரும். சொறிக்கல்முனையிலும் சரி, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கமும் சரி, இந்தப் பேச்சில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. யாருக்கு எவ்வளவு பங்கு என்பது ஒன்று. அந்தப் பங்கை வங்கியும் காணிப் பதிவகமும் ஏற்கும்படி எழுதித்தரும் அதிகாரம் யாருக்கு என்பது இன்னொன்று. முதலாவதுக்கு விடை தெரிந்தவர்கள் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை: ஜி.எஸ்.ஸிடம் கடிதம் எடுத்தால் போதும்.

உண்மை: இறந்தவர் யார், எங்கே வசித்தார், குடும்பத்தில் யார் யார் என்பதைக் காட்ட கிராம உத்தியோகத்தரின் கடிதம் உதவும். ஒரு பேர்ச் நிலத்தைக்கூட அது யாருக்கும் மாற்றித்தராது. தமிழ்நாட்டில் தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் கொடுப்பதை யூடியூபில் பார்த்துவிட்டு, இங்கே பிரதேச செயலகத்தில் போய்க் கேட்பதில் பயனில்லை. இலங்கையில் அதற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை அந்த வழியைச் சொல்கிறது. இறந்தவரின் சொத்து எல்லாம் சேர்ந்து 40 இலட்சம் ரூபாயை எட்டினால், மரண சாசனம் இருப்பின் புரொபேட்டும் இல்லாவிடின் நிருவாகப் பத்திரமும் எடுத்தாக வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்த எல்லை அது. கல்முனைப் பிரதான வீதியோரத்தில் இன்று சில பேர்ச் நிலமே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

ஒருவர் கண்ணை மூடியதுமே உரிமை வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. அதை நீதிமன்றம் புதிதாக உண்டாக்குவதில்லை. ஆனால் நாளைக்கு ஒருவர் வேலியை நகர்த்தி அந்தக் காணிக்குள் வந்தால், சொத்து அந்த 40 இலட்ச எல்லையை எட்டியிருப்பின், நீதிமன்றப் பத்திரம் இல்லாமல் வழக்குப் போட்டு அதை மீட்க முடியாது.

நம்பிக்கை: முஸ்லிம்களின் பங்கைக் காதி நீதிமன்றம் பிரித்துத் தரும்.

உண்மை: 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இயங்குவது காதி நீதிமன்றம். விவாகம், விவாகரத்து, தாபரிப்பு, மஹர் போன்றவை அதன் வேலை. வாரிசுச் சொத்து அதற்குள் வராது. பள்ளிவாசல் நிருவாகமோ மௌலவியோ பங்கைக் கணக்கிட்டுத் தரலாம். குடும்பம் மனமொத்துப் போக அது பெரிய உதவி. ஆனால் அந்தத் தாளை வைத்துக் காணிப் பதிவகத்தில் பெயர் மாற்ற முடியாது.

நம்பிக்கை: ஒரே பிள்ளைதானே, எல்லாம் அவளுக்குத்தான்.

உண்மை: 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமிலா உரிமை வழிக் கட்டளைச் சட்டப்படி, இறந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அதன் சட்டமே பங்கைத் தீர்மானிக்கும். இங்கே பெரும்பாலானோர் ஷாபி மத்ஹபினர். ஒருவர் 40 பேர்ச் காணியை விட்டு மௌத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் ஒரே மகளும் உடன்பிறந்த தம்பி ஒருவரும் இருக்கிறார்கள். தாய் தகப்பன் முன்பே காலமாகிவிட்டார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 பேர்ச். மகளுக்கு அரைவாசி, 20 பேர்ச். மிச்சம் 15 பேர்ச் தம்பிக்கு. அந்தத் தம்பியைச் சேர்க்காமல் மகள் முழுக் காணியையும் விற்றால், வாங்கியவர்தான் பின்னால் கோட்டுக்கு அலைவார்.

நம்பிக்கை: தமிழர் என்றால் தேசவழமை.

உண்மை: அது யாழ்ப்பாணத்துப் பூர்வீகத் தமிழருக்கு உரியது. சொறிக்கல்முனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் பக்கத்து ஊரில் ஒரு சைவக் குடும்பத்துக்கும் பொருந்துவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். மட்டக்களப்புப் பக்கத்து முக்குவர் வழமையில் சொத்துத் தாய்வழியாக இறங்கியது; அதைத் தள்ளிவிட்டு வந்த சட்டம் இது. இதன்படி சொத்தில் அரைவாசி கணவனுக்கு அல்லது மனைவிக்கு, மற்ற அரைவாசி பிள்ளைகளுக்கு. ஆண் பெண் பேதமில்லை.

நம்பிக்கை: இது சீதன வீடு, ஊருக்கே தெரியும்.

உண்மை: ஊருக்குத் தெரிந்தது உறுதியில் இருக்க வேண்டும். இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்கிறார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, காணியும் வீடும் கைமாற இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும். நன்கொடை உறுதி முடிக்காமல் வாப்பா மௌத்தானால், மகள் இருபது வருடம் குடியிருந்த வீடும் எல்லாருடைய பங்குக்குள் விழும். அதில் மகனுக்கு மகளைவிட இரு மடங்கு.

2004 சுனாமி இதை இன்னும் சிக்கலாக்கியது. அலை கொண்டுபோன வீடு பல இடங்களில் மனைவியின் சீதனம். பதிலாகக் கிடைத்த வீட்டின் பத்திரத்தில் 'குடும்பத் தலைவர்' என்று கணவனின் பெயர் ஏறியது. அந்தக் கணவன் இறந்தால் வீடு அவரது சொத்தாகவே எண்ணப்பட்டு அவரது வாரிசுகளிடம் போகும். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று ஆள் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள்.

நம்பிக்கை: பெர்மிட் வயலும் மற்றக் காணி போலப் பங்காகும்.

உண்மை: ஆகாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின் அம்பாறை மாவட்டத்தில் பெர்மிட்டிலும் அளிப்புப் பத்திரத்திலும் இருக்கும் வயல் ஏராளம். அவற்றை ஆள்வது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். ஷரீஅத் பங்கும் 1876ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே செல்லாது. வாழ்க்கைத் துணை முதலில் உரித்தாவார்; அவருக்கு விற்கும் அதிகாரம் இல்லை. அடுத்து, இறந்தவர் பிரதேச செயலகத்தில் நியமித்துவைத்த பின்னுரித்தாளர். நியமனம் இல்லாவிட்டால் சட்டத்தின் அட்டவணை ஒழுங்கு. அந்த ஒழுங்கில் ஆணுக்கு இருந்த முன்னுரிமையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுக்க வேண்டும். ஆகவே இந்த விடயத்துக்குக் கோட்டுக்கு அல்ல, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். சொறிக்கல்முனைக்கு அது நாவிதன்வெளி.

நம்பிக்கை: மரண சாசனம் இருந்தால் கோட்டு வேலை இல்லை.

உண்மை: மரண சாசனத்தையும் கோட்டில் நிரூபிக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டிருக்க வேண்டும்; நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். அதை வைத்திருப்பவர் மரணம் நடந்த பின் தாமதிக்காமல் மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். முஸ்லிம்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மார்க்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்வதைத் தடுக்கிறது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மரண சாசனக் கட்டளைச் சட்டம் அந்த எல்லையை வைக்கவில்லை. சட்டம் தடுக்காததால் மார்க்கக் கடமை தீர்ந்துவிடாது. எழுதுமுன் மௌலவியிடமும் கேளுங்கள், சட்டத்தரணியிடமும் கேளுங்கள்.

நம்பிக்கை: சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை, பிறகு பார்ப்போம்.

உண்மை: பிறகு பார்த்தால்தான் செலவு கூடும். ஒரு வாரிசு இறந்தால் அவருடைய பிள்ளைகளும் பங்குக்கு வருவார்கள். நான்கு கையொப்பம் பதினான்காகும். வருமானம் குறைந்தவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது; கல்முனையிலும் அதன் நிலையம் உண்டு. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாரிசு இதற்கென்று ஊருக்கு வரத் தேவையில்லை. தூதரகத்தின் மூலம் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். அவரை வசதிக்காக மறைத்துவிட மட்டும் வேண்டாம். வாரிசை மறைத்து எடுத்த பத்திரத்தை நீதிமன்றம் மீளப் பெறலாம்.

சட்டத்தரணியிடம் போகும்போது மரணச் சான்றிதழ், விவாக, பிறப்புச் சான்றிதழ்கள், உறுதிகள், வங்கிப் புத்தகங்கள், வாரிசுகளின் அடையாள அட்டைப் பிரதிகள் கையில் இருக்கட்டும். அதற்கு முன் ஒரு தாளில் மூன்று நிரல் கீறுங்கள்: சொத்து எது, பத்திரத்தில் யாருடைய பெயர், அதற்கு எந்தச் சட்டம். மூன்றாவது நிரலை நிரப்பத்தான் சட்டத்தரணி வேண்டும். முதல் இரண்டையும் வீட்டிலேயே எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.