பதுமுகம் கேட்டு வாங்கும்போது: இளம் வைத்தியருக்கு ஒரு கடிதம்



அம்பத்தூர் ஓ.டி.க்கு அருகே சித்த வைத்தியசாலை ஒன்றைத் திறந்திருப்பதாகவும், செர்ரிப் பழத்தின் காம்பு, கொட்டை, சாறு பிழிந்த சக்கை ஆகியவற்றில் அடங்கிய தாவரச் சத்துக்களைப் பற்றிப் படித்தது முதல், அவற்றைச் சூரணமாக்கி நீரிழிவுக்கும் மூட்டுவாதத்துக்கும் வழங்கலாமா என்ற யோசனை உம்மை விட்டு அகலவில்லை என்றும் எழுதியிருந்தீர். உற்சாகம் நல்லதே. ஆயினும், காஷ்மீரத்துச் செர்ரிச் சக்கைக்கு ஆள் அனுப்புமுன், செர்ரி இனத்துச் சரக்கொன்று நம் நாட்டு மருந்துக் கடைகளின் ஜாபிதாவில் நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். வடமொழியில் பத்மகம் என்றும் தமிழில் பதுமுகம் என்றும் வழங்கும் அச்சரக்கு, இமயச் சாரலில் வளரும் காட்டுச் செர்ரி மரத்தின் கட்டையேயாகும்.

ஜப்பானியர் தம் சகுரா என்னும் செர்ரி மரத்தின் பட்டையில் முன்பே கண்டிருந்த சகுரனின், சகுரனெட்டின் என்னும் பொருள்களை இந்த இமயச் செர்ரியின் பட்டையிலிருந்தும் பிரித்துக் காட்டியவர்களுள், குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பிறந்து வால்டேரிலும் பின்னர் டில்லியிலும் ரசாயனப் பேராசிரியராக விளங்கிய டி. ஆர். சேஷாத்ரியும் அவருடைய சகாவான நரசிம்மாச்சாரியும் அடங்குவர். இதே சகுரனெட்டினை, குலைநோய்ப் பூசணம் தாக்கும்போது நெற்பயிரும் தன் இலையில் உண்டாக்கிக்கொள்கிறது. மரமும் பயிரும் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் பொருள் நம் மூட்டுக்கும் ஔஷதமாகுமா என்பது தனியே நிரூபிக்கப்பட வேண்டிய விஷயம். எலிகளின் நுரையீரல் அழற்சியைச் சகுரனெட்டின் தணித்ததாக ஆராய்ச்சிகள் உண்டு. புளிப்புச் செர்ரியின் சாற்றை மனிதர்க்குக் கொடுத்துப் பார்த்த சிறு பரிசோதனைகளும் உண்டு. காம்புக்கும் சக்கைக்கும் அத்தகைய சாட்சியம் சொற்பமே.

கொட்டையை மட்டும் தொடவே வேண்டாம். அதன் பருப்பிலுள்ள அமிக்டலின், இடித்து நீர் பட்டவுடன் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய விஷத்தை வெளிவிடும்.

ஆனால் உமக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ரசாயனமன்று. கையிலிருக்கும் சரக்கு எது என்பதே. கடையில் பதுமுகம் கேட்டால், கேரளத்தார் பதிமுகம் என்ற பெயரால் குடிநீரில் இட்டுக் காய்ச்சும் சப்பங்கக் கட்டையை மடித்துக் கொடுத்துவிடுவதுண்டு. அதுவும் நல்ல சரக்குத்தான், பழிக்கவில்லை. எனினும் அது அவரைக் குடும்பத்து மரம், அதன் சத்து பிரேசிலின், செர்ரியின் குணத்தை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே, வாங்கி வந்த கட்டையில் ஒரு சீவலை வெந்நீரில் இட்டு, நீர் இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்றும், அதில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு இன்னும் அழுத்தமாகிறதா என்றும் பாரும். அவ்வாறானால் அது சப்பங்கம். ஆகாவிட்டாலும் அதனாலேயே செர்ரி என்று தீர்மானித்துவிடாமல், அரும்பாக்கத்திலுள்ள சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தாரிடம் மாதிரியைக் காட்டிக் கேளும். பொடியாக விற்பதை வாங்கவே வாங்காதீர். பொடியைக் கண்ணால் பார்த்து மரத்தை அறிய எவராலும் இயலாது.

உம்மிடம் வரப்போகிறவர்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்களும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களும் ஆவர். அவர்களிற் பலர் ஏற்கெனவே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்குகிறவர்கள். நாடி பார்க்கும் முன் மாத்திரை அட்டையை வாங்கிப் பாரும். இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் நம் மருந்து பிடிக்கும் என்று ஒருபோதும் சொல்லாதீர்.

மற்றொன்று: மருந்து விளம்பரம் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டம், நீரிழிவையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை எந்த முறை வைத்தியருக்கும் அனுமதிப்பதில்லை. பெயர்ப்பலகைக்குச் சொல்லியாகிவிட்டது என்று எழுதியிருந்தீரே, அதில் சர்க்கரை நோயைக் குணப்படுத்துவோம் என்ற வரி இருந்தால் எழுதுகிறவரிடம் இன்றைக்கே சொல்லி எடுத்துவிடும்.

இங்ஙனம்,
உம் நலம் விழையும்
மூத்த வைத்தியன்