ஏவுகணைக் கவசம் முழுவதும் காக்குமா?

கேள்வி: பாகிஸ்தான் ஏவுகணை வீசினால் நம் கவசம் தடுத்துவிடுமா? ராக்கெட் ஏவுதளம் உள்ள ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்குப் பக்கம் என்பதால் கேட்கிறேன்.
- வாசகர், திருத்தணி

பதில்: சிலவற்றைத் தடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. 2006 நவம்பர் சோதனையில், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. பாய்ந்துவந்த ஏவுகணையைச் சுமார் 50 கி.மீ. உயரத்தில் தகர்த்தது; 2024 ஜூலையில் இரண்டாம் கட்டச் சோதனையும் வென்றது. பெருமைதான். ஆனால் போரில் ஏவுகணைகள் கொத்தாக வரும், போலிகளும் கலந்து வரும். எல்லையிலிருந்து டெல்லிக்குச் சில நிமிடப் பயணம். அதற்குள் ராடார் கண்டுபிடித்து, பாதையைக் கணித்து, எதிர்க்கணை கிளம்ப வேண்டும். 2024 அக்டோபர் 1 அன்று ஈரான் வீசிய ஏவுகணைகளில் பல, அடுக்கடுக்கான கவசம் வைத்திருக்கும் இஸ்ரேலின் நெவாட்டிம் விமானத்தளத்திலேயே விழுந்தன. அணுகுண்டு என்றால் ஒன்று தப்பினாலே ஒரு நகரம் போய்விடும். அதனால் கவசத்தோடு பேச்சும் தேவை. ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே தெரிவிக்க இந்தியாவும் பாகிஸ்தானும் 2005இல் ஒப்பந்தம் போட்டன. அத்தகைய பேச்சு தொடர வேண்டும் என்று உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.